நாலு சபைக்கு ஒரு கூரை

பல்கலைக்கழக வளாகம்
11.3.1956

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எட்வர்ட் எழுதுவது.

ஆண்டவருடைய கிருபையால் நான் சுகம். உங்கள் சுகமும் எப்சிபாவின் சுகமும் அறிய ஆவல். பங்குனி வெயில் பட்டால் உங்களுக்கு வரும் தலைவலி இந்த வருடம் எப்படி? எப்சிபா பதுளையில் எந்த வகுப்பு படிக்கிறாள்?

போன வருடம் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. தபால் தவறியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு மூன்றாவதை எழுதுகிறேன்.

பதுளைக் கோயிலிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். இப்போது இங்கே மாணவருக்குக் குருவாக இருக்கிறேன். வளாகத்தில் ஒவ்வொரு மதத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். புரட்டஸ்தாந்து சபைகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு மேடு. ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பாப்திஸ்து, யாழ்ப்பாணத்து ஐக்கிய சபை, நாலும் சேர்ந்து ஒரு சிற்றாலயம் கட்ட வேண்டும். கட்டடக் குழுவுக்கு நான் செயலாளர். திறப்பு நாளுக்கு ஆலய வரலாறு எழுதும் பொறுப்பையும் என் தலையில் வைத்துவிட்டார்கள்.

அதில் அப்பாவைப் பற்றி எழுத ஆசை. ஹல்துமுல்லைத் தோட்டத்தில் அவர் உபதேசியாராக இருந்தபோது, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்கொட்டகையில் எல்லாச் சபைக்காரரையும் ஒன்றாக உட்காரவைத்து ஞாயிறு ஆராதனை நடத்தினார் அல்லவா? அப்போது நான் சிறுபிள்ளை, சரியாக நினைவில்லை. உங்களுக்கு விவரம் தெரிந்த வயது. தெரிந்ததை எழுதி அனுப்புங்கள். இங்கே கட்டப்போகும் ஆலயத்துக்கு அதுதான் முன்னோடி என்று எழுதுவேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
எட்வர்ட்


நமுனுகுல
2.5.1956

கனம் எட்வர்ட் குருவானவர் அவர்களுக்கு, தோட்டப் பாடசாலை ஆசிரியை பவுலினா பாக்கியநாதன் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் மகளும் உயிரோடு இருக்கிறோம். தலைவலியும் இருக்கிறது.

தபால் தவறவில்லை. இரண்டு கடிதமும் வந்தன. அடுப்பில் போட்டேன். இதையும் போட்டிருப்பேன். "எல்லாச் சபைக்கும் ஒரே ஆலயம்" என்ற வரியைப் படித்த பிறகு, பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்கு மறந்திருக்கும். நான் ஞாபகப்படுத்துகிறேன். பதுளை ஆஸ்பத்திரியில் எப்சிபாவின் அப்பா நிமோனியாவில் கிடந்தார். எங்கள் மெதடிஸ்த போதகர் கொழும்பில் மாநாட்டுக்குப் போயிருந்தார். நீங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தீர்கள். சொல்லி அனுப்பினேன், வந்தீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: "தம்பி, திருவிருந்து ரொட்டியும் திராட்சரசமும் குடுத்துருங்க. நாளைக்கு நான் இருக்க மாட்டேன்."

நீங்கள் சொன்னீர்கள்: "அத்தான், நீங்க எங்க பேராயர் கையால திடப்படுத்தல் வாங்கி எங்க சபையில சேரல. எனக்கு அதிகாரம் இல்ல. ஜெபம் பண்றேன்."

ஜெபம் பண்ணினீர்கள். சங்கீதமும் வாசித்தீர்கள். குரல் தடுமாறவில்லை. உங்கள் பையில் எல்லாம் இருந்தது. அடுத்த கட்டிலில் கிடந்த உங்கள் சபைக் கிளாக்கருக்குக் கொடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தீர்கள். இவர் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். விடிவதற்குள் போய்விட்டார்.

இப்போது எல்லாருக்கும் பொதுவாக ஒரு வீடு கட்டுகிறீர்கள். நல்லது. அப்பாவின் பெயரை அதில் தொடாதீர்கள்.

எப்சிபா எந்த வகுப்பு படித்தால் உங்களுக்கு என்ன?

இப்படிக்கு,
பவுலினா பாக்கியநாதன்


பல்கலைக்கழக வளாகம்
20.5.1956

அக்கா,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் தலைவலிக்கு ஒரு மருந்து இத்துடன் அனுப்புகிறேன். அடுப்பில் போடாதீர்கள், போத்தல் வெடிக்கும்.

என்னைக் குருவானவர் என்றும் நீங்கள் என்றும் எழுதி அடிக்கிறீர்கள். அடியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். திடப்படுத்தல் பெறாதவருக்குக் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் இந்த அங்கியைப் போட்டேன். அத்தான் கேட்டதற்கு முந்திய மாதம் ஒரு தாய் தன் மகனுக்காகக் கேட்டாள். அவளுக்கும் இல்லை என்றேன். அவளுக்கு ஒரு சட்டம், என் அக்கா புருஷனுக்கு ஒரு சட்டம் என்றால், நான் குரு இல்லை, சொந்தக்காரனுக்கு நல்ல மலையாகப் பார்த்துக் கொழுந்தெடுக்க விடுகிற கங்காணி.

நீங்கள் செய்தது என்ன? அடக்கத்துக்கு வந்தேன். லயத்து வீடுகளின் முனையில் ஆள் நிறுத்தியிருந்தீர்கள். "ஐயா மன்னிச்சுக்குங்க, ஒங்கள உள்ள விட வேணாம்னு டீச்சரம்மா சொல்லிட்டாங்க" என்றார்கள். தேயிலைக்குள் ஏறி நின்று, மேலேயிருந்து குழி மூடுவதைப் பார்த்தேன். நான் பந்தியில் ஒருவரை மறுத்தேன். நீங்கள் சாவில் மறுத்தீர்கள்.

அப்பா உங்களுக்கு மட்டும் அப்பா இல்லை. அவரைப் பற்றி எழுதத்தான் போகிறேன்.

ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டோம். குழுவில் தினமும் சண்டை. நடுவில் இருப்பதைப் பீடம் என்பதா, மேசை என்பதா? ஒரே பாத்திரத்தில் குடிப்பதா, ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணமா? ஞானஸ்நானத்துக்குத் தொட்டியா, குளமா? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். கட்டடமும் பாட்டும் பிரசங்கமும் எல்லாருக்கும் பொது. திருவிருந்து மட்டும் அவரவர் சபைக்கு அவரவர் வாரம். இதுவே பெரிய காரியம், அக்கா. இந்த நாட்டில் எத்தனை ஊரில் இவ்வளவாவது நடந்திருக்கிறது?

எட்வர்ட்


நமுனுகுல
9.9.1956

கனம் குருவானவர் அவர்களுக்கு,

மருந்து வந்தது. ரெங்கம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் என் பக்கத்து லயம். ஞானஸ்நானம் வாங்கியும் பெயரை மாற்றாதவள். அவளுக்குத் தலைவலி தீர்ந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

போன சனிக்கிழமை பதுளைக் கடைவீதியில் மளிகைக்கடை வாஹித் நானா கேட்டார்: "டீச்சர், ஒங்க தம்பி பெரிய பள்ளி கட்டுறாராமே. எல்லாருக்கும் பொதுவா?"

"ஆமாங்க நானா. ஆனா தனித்தனியா கும்பிடுவாங்க."

மனிதர் சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர், தராசை விட்டுவிட்டுச் சிரித்தார்.

எங்கள் லயத்திலும் ஒரே கூரைதான். வீட்டுக்கு வீடு சுவர், வீட்டுக்கு வீடு அடுப்பு. ஒரு வீட்டில் பட்டினி கிடந்தாலும் அடுத்த வீட்டில் புகை வரும். துரைமார் இதற்கு லயம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆலயத்துக்குப் பெயர் கிடைக்காவிட்டால் அதையே வையுங்கள்.

தேகத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பவுலினா பாக்கியநாதன்


பல்கலைக்கழக வளாகம்
6.1.1958

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளச் செய்தி கேட்டதிலிருந்து நிம்மதியில்லை. ஊவாப் பக்கம் பாதைகள் உடைந்து, ரயிலும் நின்றுவிட்டது என்றார்கள். நமுனுகுலவில் மண் சரிந்ததா? நீங்கள் இருவரும் சுகமா? ஒரு வரி போதும். கோபத்தோடு எழுதினாலும் சரி.

ஆலயச் சுவர் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. கூரைக்குத்தான் இழுபறி. வரலாற்றில் அப்பாவைப் பற்றிய பகுதியை எழுதிவிட்டேன். நீங்கள் உதவவில்லை, எனக்குத் தெரிந்ததைக்கொண்டு எழுதினேன்:

'ஊவா மலைத் தோட்டமொன்றில் உபதேசியார் ஞானமுத்து எல்லாச் சபையாரையும் ஒரே கொட்டகையில் கூட்டி ஆராதனை நடத்தினார். அவருடைய ஊழியத்தை மெச்சிய மிஷன், நமுனுகுலப் பகுதிப் பாடசாலைக்கு அவரை உயர்த்தி அனுப்பியது.'

பிழை இருந்தால் திருத்துங்கள்.

எட்வர்ட்


நமுனுகுல
3.2.1958

கனம் குருவானவர் அவர்களுக்கு,

மண் சரிந்தது. எங்கள் லயத்துக்கு ஒன்றுமில்லை. கீழ் லயத்தில் இரண்டு வீடு போய்விட்டது. ஆட்கள் பாடசாலையில் தங்கியிருந்தார்கள். இப்போதுதான் பெஞ்சுகளைக் கழுவி அடுக்கினோம்.

உங்கள் இரண்டு வரியில் ஒரு வரி சரி. மற்றது பொய். அது நீங்கள் இட்டுக்கட்டியது அல்ல. அம்மா உங்களுக்குச் சொல்லி வளர்த்த பொய், நானும் கூட நின்றேன்.

ஹல்துமுல்லையில் அந்த வருடம் லயமெல்லாம் வயிற்றோட்டக் காய்ச்சல். தோட்டத்துக்குள் யாரும் வரக்கூடாது, யாரும் போகக்கூடாது என்று பாதையை மறித்துவிட்டார்கள். எந்தச் சபைக் குருவும் வரவில்லை. ஒரு பொம்பளை சாகக் கிடந்தாள், "எனக்கு ராப்போஜனம் வேணும்" என்று அழுதாள். அப்பா வெறும் உபதேசியார். கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது. அவள் வீட்டு அடுப்பிலிருந்த ரொட்டியை எடுத்தார். ரசம் ஏது? பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியை ஒரு கோப்பையில் ஊற்றினார். ஜெபித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் காய்ச்சல் முடியும்வரை கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். எந்தச் சபை என்று யாரையும் கேட்கவில்லை.

பாதை திறந்ததும் மிஷன் பாதிரி ஐயர் குதிரையில் வந்தார். பெரட்டுக்கொட்டகையில் எல்லாருக்கும் முன்னால் அப்பாவை நிறுத்தி, "யார் உனக்கு அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் குடுக்கலைங்க. அவ கேட்டா."

அன்றோடு வேலை போயிற்று, வீடும் போயிற்று. நாம் நமுனுகுலவுக்கு வந்தது உயர்த்தி அல்ல, துரத்தி. இங்கே ஒரு கணக்கப்பிள்ளை இரக்கப்பட்டுத் தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க விட்டார். உங்களை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அப்பாவை மிஷன் துரத்தியது என்று தெரிந்தால் நீங்கள் அங்கே தலைநிமிர்ந்து படிப்பீர்களா? அதனால் பதவி உயர்வு என்று சொன்னோம். அப்பா அதையும் பொறுத்துக்கொண்டார்.

அன்று ஆஸ்பத்திரியில் இதை உங்கள் காதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருடைய பிள்ளைதானே, தானாகவே செய்வான் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

இதை இப்படியே அச்சடியுங்கள். முடியாவிட்டால் அப்பா பெயரே வேண்டாம்.

பவுலினா பாக்கியநாதன்


பல்கலைக்கழக வளாகம்
21.2.1960

அன்புள்ள அக்காவுக்கு,

நீண்ட காலம் எழுதவில்லை. உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அதைப் பற்றி எழுத உட்கார்ந்து எழுந்துவிடுவேன். இடையில் ஐம்பத்தெட்டு இனக்கலவரம் வந்தது, வேலையாட்கள் ஓடினார்கள், கட்டடம் அப்படியே நின்றது. இப்போது ஆண்டவர் முடித்துத் தந்தார். நான் சுகம். நீங்கள்?

போன ஞாயிறு ஆலயத்தைத் திறந்தோம். நாலு சபைத் தலைவர்களும் ஒன்றாக நடந்துவந்து ஒரே கதவைத் தள்ளினார்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே ராகத்தில் ஒரே பாட்டு. முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் எப்சிபா பாடினாள். அவள் இங்கே சேர்ந்ததை நீங்கள் எழுதவில்லை, பாடகர் குழுவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அத்தானின் குரல் அப்படியே அவளுக்கு. கேட்டு நின்றபோது எனக்குக் கண் கலங்கியது.

முதல் திருவிருந்து யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினோம். எங்கள் சபைக்கு விழுந்தது. நானே நடத்தினேன். நல்ல கூட்டம். முடிந்ததும் எப்சிபாவைத் தேடினேன், விடுதிக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

வரலாற்றுப் புத்தகம் ஒன்று அனுப்புகிறேன். அப்பாவைப் பற்றி நீங்கள் இரண்டு வழி சொன்னீர்கள். அதில் ஒன்றைச் செய்திருக்கிறேன்.

எட்வர்ட்


நமுனுகுல
27.3.1960

கனம் குருவானவர் அவர்களுக்கு,

எப்சிபா விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நீங்கள் எழுதாமல் விட்டதை அவள் சொன்னாள். அன்றைய திருவிருந்து எந்தச் சபைக்கு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. பொது ஆலயம் என்ற பேச்சை நம்பி, பாடி முடித்த பிள்ளைகளோடு போய் முழந்தாளிட்டிருக்கிறாள். கை நீட்டியிருக்கிறாள். நீங்கள் அவள் தலையைத் தொட்டு ஆசீர்வதித்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிருக்கிறீர்கள்.

"எல்லாரும் பாத்தாங்கம்மா" என்றாள். இனி அந்தப் பக்கம் போக மாட்டாளாம்.

புத்தகத்தில் அப்பா இல்லை. பந்தியில் எப்சிபா இல்லை. உங்கள் வரலாறு குறையில்லாமல் முடிந்திருக்கிறது.

இனி எழுத வேண்டாம்.

பவுலினா


ஹல்துமுல்லை
4.6.1961

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள், ஒரு வருடத்துக்கு மேல் எழுதவில்லை. இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

முகவரியைப் பார்த்திருப்பீர்கள். என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். நான் கேட்ட மாற்றமல்ல. மாணவர் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார அனுமதிக்க வேண்டும் என்று பேராயருக்கு ஒரு விண்ணப்பம் போனது. கிடைக்கவில்லை. விண்ணப்பம் எழுதியவருக்கு அங்கே வேலையும் இல்லாமல் போயிற்று. அதை விடுங்கள்.

நமுனுகுலவிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு பெரட்டுக்கொட்டகையில் நீங்கள் ஆட்களைக் கூட்டி ரொட்டி பிட்டுக் கொடுக்கிறீர்களாம். இது உண்மையானால் தவறு. எங்கள் சபைக்கு மட்டுமல்ல, உங்கள் சபைக்கும் தவறு. அனுமதி கேட்டுத் தோற்பது வேறு, கேட்காமலே எடுத்துக்கொள்வது வேறு. யாராவது தோட்டத் துரைக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் உங்கள் டீச்சர் வேலையும் அந்த வீடும் என்னவாகும்? அப்பாவுக்கு நடந்ததை எனக்கு எழுதியவர் நீங்கள்தான்.

ஜூலை மாத இரண்டாம் ஞாயிறு வருகிறேன். எல்லாருக்கும் முன்னால் இதை நிறுத்துவேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

எட்வர்ட்


நமுனுகுல
18.6.1961

குருவானவர் அவர்களுக்கு,

உண்மைதான். ரெங்கம்மாவின் மாமியார் சாகக் கிடந்தாள். எங்கள் போதகர் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவள் கேட்டாள், கொடுத்தேன். பிறகு ரெங்கம்மா கேட்டாள்: "சாகப்போறவங்களுக்குத்தானா டீச்சர்? உசுரோட இருக்கவங்களுக்குப் பசிக்காதா?" அடுத்த இரண்டாம் ஞாயிறு எல்லாரையும் கொட்டகையில் கூட்டினேன்.

கொட்டகைக்குக் கதவு கிடையாது. வாருங்கள், நிறுத்துங்கள்.

பவுலினா


ஹல்துமுல்லை
14.7.1961

அக்கா,

நிறுத்தத்தான் வந்தேன். வழியெல்லாம் பஸ்ஸில் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். தூண் பக்கத்தில் நான் நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். பாட்டை நிறுத்தவில்லை.

நானும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். ரெங்கம்மா, "ஐயா, ஒக்காருங்க" என்று சாக்கை நகர்த்திப் போட்டாள். உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கொடுக்கிற பக்கமே நின்றவன், கை நீட்டுவது எப்படி என்றே மறந்துபோயிருந்தேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, அவர் வைத்ததுபோல் இரண்டு கையையும் ஏந்தினேன்.

நீங்கள் வந்தீர்கள். ரெங்கம்மாவுக்குக் கொடுத்தீர்கள். என் கையைப் பார்த்தீர்கள், முகத்தைப் பார்த்தீர்கள். அடுத்தவருக்குப் போய்விட்டீர்கள்.

எனக்காவது ஒரு சட்டம் இருந்தது, அக்கா. உங்களுக்கு என்ன இருந்தது?

பேராயருக்கும் எழுத மாட்டேன், துரைக்கும் எழுத மாட்டேன். அந்தப் பயம் வேண்டாம்.

எட்வர்ட்


நமுனுகுல
30.7.1961

தம்பி எட்வர்ட்டுக்கு, அக்கா எழுதுவது.

அன்று போகும்போது மழையில் நனைந்தாய். இருமல் கட்டிக்கொண்டதா? நான் சுகம். எப்சிபாவும் சுகம். கடைசி வருடம் படிக்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு சட்டமும் இல்லை. முன்னாலேயே நினைத்துவைத்துச் செய்யவும் இல்லை. நீ உட்கார்ந்ததைப் பார்த்தபோது மனசு இளகத்தான் செய்தது. கொடுப்போம் என்றுதான் வந்தேன். உன் கையைப் பார்த்தேன். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது கண்ணுக்குள் வந்தது. என் கால் தானாக அடுத்த ஆளிடம் போய்விட்டது.

அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இத்தனை வருடமும், ஒரு மனிதனைத் தாண்டிப் போக நீ எவ்வளவு கல்லாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். கல்லாக வேண்டியதே இல்லை. ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். அவ்வளவு சுலபம். அடுத்தவர் கை அங்கே காத்துக்கொண்டிருக்கும், அவருக்குக் கொடுத்துவிடலாம், பாட்டும் நிற்காது.

ஆராதனை முடிந்ததும் ரெங்கம்மா என் முகத்தைப் பார்க்காமல் சாக்கை மடித்தாள். "அந்த ஐயா எந்தச் சபை டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கொட்டகையில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அது பொய். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. எப்சிபாவின் அப்பாவுக்கு நீ கொடுக்காதது கொடுக்காததுதான். உனக்கு நான் கொடுக்காததும் அப்படியே.

ஆகஸ்டிலும் இரண்டாம் ஞாயிறு கூடுகிறோம். பதுளையிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். வருவதானால் வா. கம்பளியைக் கொண்டு வா, இங்கே குளிர்.

வந்தால் உன் கையில் வைப்பேனா என்று கேட்காதே. அன்றைக்கு உன் முன்னால் வந்து நிற்கும்போதுதான் எனக்கே தெரியும்.

அக்கா,
பவுலினா